லூசியா தொபாரின் மகன்

“நாலு பேதர் இருக்காங்க,” என்றார் பாதிரியார். “உங்களுக்கு எந்தப் பேதர் வேணும்?”

யெர்கா தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி, கண்ணாடிக்கு அடியில் நீண்டிருந்த கையில் லாரிக்கான சீட்டை வைத்தாள். ஆடு ஏற்றிய லாரி. சீட்டை வாங்கிய பிறகும் ஓட்டுநர் நகரவில்லை.

“காத்து இப்படி அடிக்குதே, கப்பல் போகுமா?”

“போகும். உன் ஆடுங்ககூடக் கேக்கல, நீ கேக்கற,” என்றாள். பிறகு தொலைபேசியில், “நாலா, ஃபாதர்?”

“உங்க பெத்ரோதான் எங்க பேச்சுல பேதர். மார்த்தினிச் பேதர் மட்டும் நாலு. எல்லாரும் அஞ்சு வருஷ இடைவெளிக்குள்ள ஞானஸ்நானம் வாங்கினவங்க. அதுல ரெண்டு பேரை விட்டுடலாம், அம்மா பேர் வேற. மிச்ச ரெண்டு பேருக்கும் அப்பா மாத்தே. ரெண்டு பேருக்கும் அம்மா லூத்சே.”

“லூத்சேன்னா லூசியாதானே?”

“லூசியாதான். ஒருத்தி ஸ்விதானிச் வீட்டுப் பொண்ணு. இன்னொருத்தி மார்த்தினிச்சாப் பொறந்து மார்த்தினிச்சையே கட்டிக்கிட்டவ. நீங்க சொல்ற தொபார் யாரும் இல்லம்மா. எங்க ஊர்ல மட்டுமில்ல, தீவுலயே அப்படி ஒரு பேர் கிடையாது. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொபார், நான் அன்தோஃபகாஸ்தால இருந்தப்ப ஒரு பல் டாக்டர். அவர் நல்ல ஸ்பானியக்காரர்.”

தோன் யூரே என்ற அந்தப் பாதிரியார் இளமையில் பதினோரு ஆண்டுகள் சீலே நாட்டின் வடக்கே ஊழியம் செய்தவர். அதனால் அவரிடம் ஸ்பானிய மொழியில் பேச முடிந்தது. இப்போது குரோஷியாவின் ப்ராச் தீவில் போட்ஹூம் என்ற கிராமத்தில் இருக்கிறார். அவருடைய கோவிலில் பழைய பதிவுப் புத்தகங்கள் இருந்தன. படம் அனுப்பும் தொலைபேசி அவரிடம் இல்லை. எதையும் வாயால்தான் சொல்ல வேண்டும்.

“யார் ஊரைவிட்டுப் போனாங்கன்னு எதுலயும் எழுதலயா, ஃபாதர்?”

“ஆத்துமாப் புத்தகத்துல எழுதியிருக்கு. வீடு வீடா, யார் இருக்கா, யார் செத்தா, யார் எங்க போனான்னு. பாத்துட்டேன். ரெண்டு பேருமே அமெரிக்கா போயிருக்காங்க.”

“எந்த அமெரிக்கா?”

“கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே அமெரிக்காதான் எங்க ஆளுங்களுக்கு. நான் ஊகத்துல எழுதித் தர முடியாதும்மா. தப்பான பேதரை உங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு அவரோட சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க. அந்த லூசியாவைப் பத்தி ஏதாவது தெரியுதா பாருங்க.”

யெர்கா மார்த்தினிச் முப்பத்தொரு ஆண்டுகளாகச் சீலேயின் தென்கோடியில் புந்தா அரேனாஸ் துறையில் இந்தச் சன்னலுக்குப் பின்னால் இருக்கிறாள். நீரிணையைத் தாண்டி போர்வெனீருக்குப் போகிற ஒவ்வொரு லாரிக்கும் ஆளுக்கும் அவள்தான் சீட்டு கொடுப்பாள். அவளே கப்பலில் ஏறுவது வருடத்துக்கு இரண்டு முறை, கல்லறைகளுக்குப் பூ வைக்க. கணவன் எர்னான் பாரியா அதே கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இறந்துபோனான். ஒரே மகன் இவோ. குரோஷியாவில், ரியேக்கா துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வெல்டர்.

அந்தப் பட்டறை இனி அவனுக்கு வேலை அனுமதியைப் புதுப்பிக்காது. மார்ச் பதினைந்தோடு அவன் அங்கே இருக்க முடியாது. மனைவி கத்தலீனா ஆறாம் மாதத்தில் இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை மருத்துவர் படியேறுவதைக்கூடக் குறைக்கச் சொல்லியிருந்தார், விமானம் கூடவே கூடாது என்றார். வக்கீல் ஒரே வழிதான் இருக்கிறது என்றார். பூர்வீகத்தைக் காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அதை ஏற்றுக்கொண்டதற்கான எண் கையில் இருந்தால், முடிவு வரும்வரை அங்கேயே தங்க ஏற்பாடு செய்யலாம்.

அன்று பிப்ரவரி பத்து, வெள்ளிக்கிழமை.

யெர்காவின் நீலக் கோப்பில் எல்லாம் இருந்தன. இவோவின் பிறப்புச் சான்று, தன்னுடையது, அப்பா நிக்கோலாஸுடையது, தாத்தா எஸ்தெபானுடையது. முத்திரை குத்தி, மொழிபெயர்த்து, ஒரு பிரதி ஜனவரியிலேயே ரியேக்காவுக்குப் போய்விட்டது. சங்கிலியில் ஒரே ஒரு கண்ணிதான் பாக்கி. கொள்ளுத்தாத்தா பெத்ரோ மார்த்தினிச். அவர் போர்வெனீரில் கல்யாணம் செய்துகொண்ட சான்று இருந்தது. 1913. பிறந்த நாடு: ஆஸ்திரியா. அப்போது அந்தத் தீவே ஆஸ்திரியப் பேரரசன் கையில் இருந்ததால் அதில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஊர்: போட்ஹூம். தந்தை மாத்தேயோ. தாய் லூசியா தொபார். கப்பலேறியவர் இன்னார்தான் என்று தீவிலிருந்து ஒரு பிறப்புச் சான்று வந்தால் போதும்.

வந்தது நாலு பேதர்.

ஞாயிற்றுக்கிழமை யெர்கா தம்பி மிர்கோவை வண்டி எடுக்கச் சொன்னாள். மிர்கோவுக்கு டயர் கடை. அத்தை தொமிங்கா வீட்டுக்குப் போவதென்றால் அவன் இரண்டு முறை கைகழுவுவான். அத்தை நகங்களைப் பார்ப்பாள்.

அத்தைக்கு எண்பத்தேழு வயது. பெத்ரோவை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியது அவள் மட்டும்தான். சாப்பாட்டு அறைச் சுவரில் தொபார் குடும்பத்தின் இலச்சினை சட்டமிட்டுத் தொங்கியது. நீலக் கேடயம், குறுக்கே தங்கப் பட்டை, மேலே ஒரு தலைக்கவசம். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து தபாலில் வரவழைத்தது.

“தொபார்னா ஸ்பெயின்ல, காஸ்தீல்ல பெரிய குடும்பம்,” என்றாள் அத்தை. மாத்தே என்ற இலைத் தேநீர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகுழலை யெர்கா பக்கம் திருப்பினாள். “கப்பல் தளபதி ஒருத்தர். கப்பல் உடைஞ்சு அந்தத் தீவுல ஒதுங்கினார். அவர் வம்சம் லூசியா.”

“யார் சொன்னா, அத்தை?”

“யாராவது சொல்லணுமா? பேரே சொல்லுதில்ல.”

“நல்ல தளபதி,” என்றான் மிர்கோ. “அவ்வளவு பெரிய கடல்ல ஒரு பாறையைத் தேடிப் போய் மோதியிருக்கார்.”

“டயர் ஒட்டறவனுக்கு அதெல்லாம் புரியாது. நகத்தைப் பாரு.”

யெர்கா எர்னான் பாரியாவைக் கட்டிக்கொண்டபோது அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. பாரியா குடும்பம் உருளைக்கிழங்குக்குப் பேர்போன சிலோவே தீவிலிருந்து ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்த குடும்பம். தொபார் ரத்தம் உருளைக்கிழங்கு மூட்டையோடு கலக்கிறது என்று அத்தை சொல்லியனுப்பினாள். எர்னான் அதைக் கேட்டுவிட்டு ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தான். அத்தை அதைத் திருப்பி அனுப்பவில்லை.

“உங்க தாத்தா தன் அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்வாரா?” என்று கேட்டாள் யெர்கா. “ஊர்ல எந்த வீடு, எந்தத் தெரு, ஏதாவது.”

“அவர் எங்க பேசுவார்? ஸ்பானியமே கடைசிவரைக்கும் சரியா வரல. எண்ண மட்டும் தெரியும், ஆடு எண்ணி எண்ணி.” அத்தை யோசித்தாள். “ஒண்ணு ஞாபகம் இருக்கு. ஆட்டு ரோமம் கத்தரிச்சு முடிக்கிற அன்னிக்குப் பெரிய விருந்து நடக்கும். அவர் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு எழுந்து நெஞ்சுல அடிச்சுப்பார். ‘நான் பேதர் மார்த்தினிச், தொவார்’ம்பார். தொபார்னு சொல்லவும் அவருக்கு வராது. கீழுதட்டைப் பல்லால கடிச்சு, தொ-வார்.” அத்தை செய்துகாட்டினாள். பொய்ப்பல் உதட்டில் பதிந்தது. “உடனே தீவுக்காரக் கிழவனுங்க எல்லாம் சிரிப்பானுங்க. ஒருத்தன் காதுகிட்ட ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுவான்.”

“எதுக்குச் சிரிச்சாங்க?”

“எதுக்குச் சிரிப்பாங்க? பொறாமை. அவனுங்க எல்லாம் வெறும் மார்த்தினிச்.”

திரும்பும் வழியில் மிர்கோ, “ஒண்ணும் தேறல அக்கா,” என்றான். யெர்கா கடல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். இவோவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, கத்தலீனா நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளே பாதிரியாரைக் கூப்பிட்டாள். அங்கே நண்பகல். முதல் கப்பலுக்கு வரிசை நீளமாக இருந்தது. மிர்கோ வாழைப்பழப் பாலும் சோரிசோ தொத்திறைச்சி வைத்த ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து சன்னலுக்கு உள்பக்கம் நின்றான். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் யெர்கா தொலைபேசியை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

“ஒண்ணும் கிடைக்கல ஃபாதர். அத்தைக்கும் தெரியல. காஸ்தீல் தளபதின்னு ஒரு கதை சொன்னாங்க. அவ்வளவுதான்.”

“காஸ்தீலா? இங்க யாரும் அந்தப் பக்கத்துலேர்ந்து வந்ததில்லையே.”

“பேரை வெச்சு அவங்களே கட்டின கதை. கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தப் பேரை ஒழுங்காச் சொல்லக்கூட வராதாம். குடிச்சா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ‘பேதர் மார்த்தினிச், தொவார்’னு கத்துவாராம்.”

அவள் சும்மா, பேச்சை முடிக்கத்தான் சொன்னாள். அத்தை செய்ததைப் போலவே உதட்டைக் கடித்துச் சொன்னாள். ஸ்பானியத்தில் எழுதுவது வ-வாக இருந்தாலும் வாயில் வருவது ப-தான். கல்யாணச் சான்றை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை அப்படியே ப போட்டு எழுதிவிட்டார். நூறு வருடமாக அது தொபாராகவே இருந்தது.

யெர்கா அடுத்த சீட்டை எடுத்தாள்.

“ஃபாதர்?”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“தொவார்.”

பாதிரியார் இருமுவதுபோல இருந்தது. இருமல் இல்லை, சிரிப்பு என்று பிறகு தெரிந்தது.

“கழுதை,” என்றார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்கும் அதே ஆட்டு லாரிக்காரன்தான் முன்னால் நின்றான். “யாரைச் சொல்றாங்க?” என்றான்.

“தொவார்னா எங்க பேச்சுல கழுதைம்மா. அது அம்மா பேர் இல்ல. வீட்டுப் பேர். இங்க நாற்பது வீடு மார்த்தினிச். பேதர் மார்த்தினிச்சுன்னு கூப்பிட்டா தெருவுல பாதிப் பேர் திரும்பிப் பாப்பான். அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர். கழுதை வீடு, ஆணி வீடு, நண்டு வீடு. பேருக்கப்புறம் வீட்டுப் பேரைச் சொன்னாத்தான் ஆள் யாருன்னு புரியும். உங்க ஊர்ல ரெண்டாவது பேர் என்னன்னு கேப்பாங்கல்ல, அம்மா வழிப் பேரு?”

“ஆமா, எல்லாக் காகிதத்துலயும் கேப்பாங்க.”

“அந்தப் பையனுக்கு அது தெரியாது. ரெண்டாவது பேர்னா அவனுக்கு வீட்டுப் பேர்தான். தொவார்னு சொல்லியிருக்கான். குமாஸ்தா அவன் அம்மாவுக்கு அதைச் சூட்டிட்டார்.”

யெர்கா கையிலிருந்த சீட்டைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

“புத்தகத்துல அந்த வீடு இருக்கா, ஃபாதர்?”

“இருக்காவா? பக்கத்தோட தலைப்புலயே பெருசா எழுதியிருக்கு. வெள்ளிக்கிழமை அதைப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட இல்லைன்னு சொன்னேன். உண்மையான கழுதை நான்தான். இருங்க.” நாற்காலி நகர்ந்தது. காகிதம் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கப்பல் ஒருமுறை ஊதியது. “இதோ. தொவார் வீடு. மாத்தே மார்த்தினிச். மனைவி லூத்சே, ஸ்விதானிச் வீட்டுப் பொண்ணு. அஞ்சு பிள்ளைங்க. மூணாவது பிள்ளை பேதர், 1888. பக்கத்துல ‘அமெரிக்கா, 1908’. இன்னொரு பேதர் நண்டு வீடு. அவன் நமக்கு வேண்டாம்.”

“ஃபாதர், இதை எழுதித் தருவீங்களா?”

“எழுதி, முத்திரை வெச்சு, வீட்டுப் பேர் எப்படி அம்மா பேராச்சுன்னு விளக்கமும் சேத்துத் தரேன். பையனை அனுப்புங்க. அந்த வீட்ல இன்னும் ஆள் இருக்காங்க. போன வாரம் எனக்குக் காஞ்ச அத்திப்பழம் குடுத்தாங்க. நல்ல ஜனங்க. கொஞ்சம் பிடிவாதம்.”

மிர்கோ ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் காதுக்குப் பக்கத்தில் தூக்கி ஆட்டினான். யெர்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

“கழுதையம்மா,” என்றான் லாரிக்காரன், “எனக்குச் சீட்டு குடுத்துட்டு அப்புறம் சிரிங்க. கப்பல் ஊதியாச்சு.”

இவோ பேருந்தும் படகுமாகப் போட்ஹூமுக்குப் போனான். பாதிரியாரின் கடிதத்தையும் ஆத்துமாப் புத்தகப் பக்கத்தின் பிரதியையும் வாங்கிக்கொண்டு, தீவின் பதிவாளரிடம் 1888ஆம் வருடத்துப் பேதருக்கு முறையான பிறப்புச் சான்றும் வாங்கினான். கழுதை வீட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினான். கல் வீடு. வாசலில் ஒரு பெரியவர் கையில் அத்திப்பழத் தட்டோடு நின்றார். தங்கள் அப்பாவின் காது அவருக்கு என்று மிர்கோ சொன்னான்.

பிப்ரவரி இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை. இவோ ரியேக்காவில் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனான். யெர்கா அன்று காலையிலிருந்து இரண்டு பேருக்குத் தவறான தேதி போட்டுச் சீட்டு கொடுத்து, திரும்ப வாங்கிக் கிழித்தாள். பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது.

“அம்மா, நம்பர் குடுத்துட்டாங்க.”

“எடுத்துக்கிட்டாங்களா?”

“எடுத்துக்கிட்டாங்க. முதல்ல அந்தப் பொண்ணு காகிதத்தைப் பாத்துட்டு, இங்க அம்மா பேர் தொபார், அங்க அம்மா பேர் ஸ்விதானிச், ஒத்துப்போகலையேன்னா. நான் ஃபாதரோட கடிதத்தைக் குடுத்தேன். படிச்சா. எழுந்து உள்ள போனா. இருபது நிமிஷம் வரல.”

“அப்புறம்?”

“பெரிய அதிகாரியைக் கூட்டிட்டு வந்தா. அவரும் தீவுக்காரராம், பக்கத்துத் தீவு. என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தார். ‘நீ தொவாரா?’ன்னார். ஆமான்னேன். ‘நாங்க சேவல் வீடு’ன்னார். வீட்டுப் பேர்க் குழப்பம் மாசத்துக்கு ஒண்ணு வருமாம். அந்த ஆத்துமாப் புத்தகத்துப் பிரதி போதும்னு சொல்லி முத்திரை போட்டார். வக்கீல்கிட்ட பேசிட்டேன். தங்கலாம்னு சொல்லிட்டாரு. கத்தலீனா அழுதுட்டா, அப்புறம் பசிக்குதுன்னா.”

“என்ன வேணுமோ வாங்கிக் குடு,” என்றாள் யெர்கா. “படியேற விடாதே.”

சாயங்காலம் அவளும் மிர்கோவும் அத்தை வீட்டுக்குப் போனார்கள். வண்டியில் மிர்கோவிடம் அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், காதுகிட்ட கையைக் கொண்டுபோகக் கூடாது என்று.

அத்தை முழுவதும் கேட்டாள். டம்ளரில் தேநீர் ஆறிப்போனது. சுவரிலிருந்த நீலக் கேடயத்தைப் பார்த்தாள், பிறகு மேசைத்துணியைப் பார்த்தாள்.

“நிஜமா கழுதைதானா?”

“நிஜமாத்தான், அத்தை.”

“குதிரைன்னு ஏதாவது அர்த்தம் வராதா?”

“பாதிரியாரே சொன்னார்.”

அத்தை மேசைத்துணியின் மடிப்பை நீவிவிட்டாள். “அதுக்குத்தான் சிரிச்சானுங்களா,” என்றாள் கடைசியில். “எழுபது வருஷமா யோசிச்சிருக்கேன். பொறாமைல அப்படியெல்லாம் யாரும் சிரிக்க மாட்டானேன்னு.”

மிர்கோ எழுந்து சுவர்ப்பக்கம் போனான். “கழட்டிடட்டுமா, அத்தை?”

“கையை எடு. அதுக்குப் பின்னால பழைய அடுப்போட புகைக்குழாய் ஓட்டை இருக்கு.” அத்தை கேத்தலை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். யெர்காவுக்கு முதுகு காட்டியபடியே கேட்டாள், “பாரியா பையன் அங்கயே இருந்துக்கலாமா?”

“இருந்துக்கலாம்.”

“பொண்ணு பொறந்தா லூசியான்னு வைக்கச் சொல்லு. பாவம், அவ பேரைத்தான் நூறு வருஷமாத் தப்பாச் சொல்லியிருக்கோம்.”

மறுநாள் சனிக்கிழமை. காற்று பலமாக இருந்ததால் பிற்பகல்வரை துறைமுகத்தை மூடிவைத்தார்கள். யெர்கா சன்னலில் அறிவிப்பு ஒட்டினாள். லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. பதினொரு பேருக்குத் தேதி மாற்றிக் கொடுத்தாள். மிர்கோ மதியம் ரொட்டி கொண்டுவந்தான். நான்கு மணிக்குக் கப்பல் போனது. ஆறு மணிக்குச் சன்னலை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். நீலக் கோப்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். துணி துவைத்தாள். ஒரு தட்டு உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டாள்.